ஞானப்பல் எடுத்தபின் வலி நீடித்தால்

சென்னைக்கு மேற்கே, திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்துள்ளது அண்ணனூர். மின்சார ரயில் பணிமனை உள்ள ஊர். அங்கு வாழும் ஒருவர் திங்கட்கிழமை காலையில் ரயிலேறி நகரத்துக்குச் சென்று, நெடுநாளாகத் தொல்லை கொடுத்துவந்த ஞானப்பல்லை எடுத்துக்கொண்டு மாலையில் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு வலிக்கிறது, மாத்திரையில் அடங்குகிறது. செவ்வாயன்று சற்றுக் குறைகிறது. புதன்கிழமை வேலைக்கும் சென்று வருகிறார். வியாழக்கிழமை இரவிலோ, காதுவரை பாயும் புதியதொரு வலி அவரை உறங்கவிடாமல் எழுப்பி உட்கார வைக்கிறது. "பல் எடுத்தால் வலிக்கத்தானே செய்யும்" என்று வீட்டார் தேற்றுகின்றனர். அவரும் பொறுத்துக்கொள்கிறார்.

பிழை நேர்வது இங்கேதான். முதல் நாளில் வந்த வலி வேறு. நான்காம் நாளில் வந்த வலி வேறு. முன்னது புண் ஆறுவதன் ஒரு பகுதி. பின்னது, பல் எடுத்த மருத்துவரிடம் மீண்டும் செல்ல வேண்டும் என்பதற்கு அறிகுறி.

அண்ணனூர்வாசிக்கு மீண்டும் செல்ல ரயில் இருக்கிறது. உட்கிராமத்தில் வாழும் விவசாயிக்கோ இரண்டாம் முறை செல்வதென்றால் ஒரு நாள் வேலையும், பஸ் செலவும் போய்விடும். நடவோ அறுவடையோ நடந்துகொண்டிருக்கும். ஆதலின் அவர் செல்வதை ஒத்திப் போடுகிறார். பல்லைப் பிடுங்கியதோடு சிகிச்சை முடிந்துவிட்டது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஞானப்பல் சிகிச்சையைப் பற்றியும், அதன்பின் நேரக்கூடிய இடையூறுகளைப் பற்றியும், இரண்டாம் பயணம் எப்பொழுது அவசியமாகிறது என்பதைப் பற்றியும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

ஞானப்பல் என்பது யாது?

வளர்ந்த மனிதருக்குப் பற்கள் 32. அவற்றுள் மேல் தாடையிலும் கீழ்த் தாடையிலும் இருபுறங்களிலும் கடைசியாக நிற்கும் நான்கே ஞானப்பற்கள். ஏனைய பற்களெல்லாம் முளைத்துப் பல ஆண்டுகள் கழிந்தபின், பெரும்பாலும் 17 வயது முதல் 25 வயதுக்குள் இவை வெளிவருகின்றன. சிலருக்கு இவை முளைப்பதே இல்லை.

கடைசியாக வருவதால் தாடையில் இவற்றுக்குப் பல சமயங்களில் இடம் போதுவதில்லை. அப்பொழுது பல் சாய்ந்தோ படுத்தோ முளைக்கிறது. அல்லது எலும்பினுள்ளேயே புதைந்து நின்றுவிடுகிறது. பாதி வெளிவந்த பல்லின்மேல் ஈறு ஒரு மடல்போல் மூடிக்கிடக்கும். அதன் அடியில் உணவுத் துணுக்குகள் தங்கி அழுகுவதால் ஈறு வீங்கும், வாய் திறக்க இயலாது, காய்ச்சலும் வரும். முன்னால் உள்ள நல்ல கடைவாய்ப் பல்லும் சொத்தை விழுந்து கெடுவதுண்டு. இத்தகைய நிலையில் ஞானப்பல்லை எடுத்துவிடுவது முறை. எவ்விதத் தொல்லையும் தராமல் நேராக முளைத்து நிற்கும் ஞானப்பல்லை எடுக்க வேண்டியதில்லை.

நேராக முளைத்த பல்லை எடுப்பது எளிது. புதைந்த பல்லை எடுக்க ஈற்றைக் கீறி, எலும்பைச் சிறிது குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையலிட வேண்டியிருக்கும். இது சிறியதாயினும் அறுவைச் சிகிச்சையே.

குழி ஆறும் விதம்

பல் இருந்த இடத்தில் ஒரு குழி ஏற்படுகிறது. அதில் இரத்தம் ஊறி உறைந்து கட்டியாகிறது. இந்த இரத்தக் கட்டியே இயற்கை இடும் மருந்துக்கட்டு. கீழேயுள்ள எலும்பையும் நரம்பு நுனிகளையும் அது மூடிக் காக்கிறது. புதிய சதை வளர்வதற்கு நிலமாகவும் அமைகிறது. விதைத்த நாற்றங்காலில் மேல்மண் கலையாமல் விவசாயி எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனம் இந்தக் கட்டிக்கும் தேவை.

மரத்துப்போகும் ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் தணியும். அதன்பின் வலி தொடங்குவது இயல்பு. கன்னத்தின் வீக்கம் இரண்டாம் நாளிலும் மூன்றாம் நாளிலும் மிகுந்து, பிறகு இறங்கத் தொடங்கி, ஒரு வார அளவில் பெரும்பாலும் வடிந்துவிடும். வாயை முழுதும் திறக்க ஒரு வாரமோ இரு வாரமோ ஆகலாம். சில வாரங்களில் ஈறு குழியை மூடிக்கொள்ளும். உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதங்கள் செல்லும்.

இதிலிருந்து எளியதொரு விதியைப் பெறலாம். நாள்தோறும் "நேற்றைவிட இன்று எப்படி?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளுக்குப்பின் வலியும் வீக்கமும் சிறிதாயினும் குறைந்து வருமானால் புண் ஆறுகிறது. குறைந்த வலி மீண்டும் ஏறினாலும், மூன்றாம் நாளுக்குப்பின் வீக்கம் பெருகினாலும் மருத்துவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும்.

உலர்ந்த குழி

அண்ணனூர்வாசிக்கு வியாழக்கிழமை வந்த வலியின் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். குழியிலுள்ள இரத்தக் கட்டி காலத்துக்கு முன்பே கரைந்தோ கழன்றோ போய்விடுகிறது. எலும்பு திறந்து கிடக்கிறது. இதனை உலர்ந்த குழி என்பர். 1896-ஆம் ஆண்டில் கிராஃபோர்டு என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்நோயை இப்பெயரால் விவரித்து எழுதினார்.

பல் எடுத்த இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் இவ்வலி தொடங்கும். விண் விண் என்று தெறிக்கும். காது, கன்னப்பொறி, கழுத்து வரை பரவும். வாயில் கெட்ட நாற்றமும் கசப்பும் இருக்கும். சாதாரண மாத்திரைக்கு அடங்காது. ஆயினும் காய்ச்சலோ சீழோ பெரும்பாலும் இராது. சாதாரணமாகப் பல் எடுத்துக்கொள்வோரில் 100 பேரில் 1 முதல் 5 பேருக்கு இது வரலாம். கீழ்த் தாடையின் புதைந்த ஞானப்பல்லை எடுத்தபின் இதைவிடப் பன்மடங்கு அதிகமாக வருகிறது.

புகை பிடிப்போருக்கு இது எளிதில் வரும். கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்களுக்கும், முன்பே ஈற்றில் அழற்சி இருந்தவர்களுக்கும், எடுப்பதற்குக் கடினமாயிருந்த பல்லை இழந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். பலமாகக் கொப்பளித்தலும் துப்புதலும் கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும்.

சிகிச்சையோ எளியது. மருத்துவர் உப்புநீரால் குழியை மெல்லக் கழுவி, வலியைத் தணிக்கும் மருந்து தோய்ந்த துணித்திரியை அதில் வைப்பார். கிராம்பிலிருந்து எடுக்கப்படும் யூஜினால் என்னும் பொருள் பெரும்பாலும் அம்மருந்தில் சேர்ந்திருக்கும். பலருக்குச் சில மணி நேரத்திலேயே வலி பெரிதும் தணியும். ஓரிரு முறை மருந்தை மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் முற்றும் குணமாகும். மருந்துக் கடையில் கிருமிக்கொல்லி மாத்திரைகளை நாமே வாங்கி விழுங்குவதால் இவ்வலி தீர்வதில்லை.

கிராம்புத் தைலம் மருந்தில் உண்டென்பதால் அதனை வீட்டில் நாமே குழியில் ஊற்றுவது தவறு. கலப்பற்ற தைலம் திறந்த புண்ணைச் சுட்டுவிடும். புகையிலைத் துண்டையும் மூக்குப்பொடியையும் வைத்து அடக்குவது சில ஊர்களில் வழக்கமாக உள்ளது. அவை புண்ணில் அழுக்கைச் சேர்த்து ஆறுதலைத் தடுக்கின்றன.

சீழும் வீக்கமும்

உலர்ந்த குழி மிகுந்த வேதனை தருவது. எனினும் உயிருக்கு ஆபத்தானதன்று. கிருமி புகுந்து சீழ் பிடிப்பதோ ஆபத்தானது. மூன்றாம் நாளுக்குப்பின் வீக்கம் குறையாமல் பெருகுதல், காய்ச்சல், குளிர், குழியிலிருந்து சீழ் வடிதல், வாய் நாளுக்கு நாள் அதிகமாக இறுகுதல் ஆகியவை இதன் குறிகள். சிலருக்கு எல்லாம் ஆறிவிட்டதாகத் தோன்றிய சில வாரங்களுக்குப் பின்னும் அவ்விடம் திடீரென்று வீங்குவதுண்டு. அப்பொழுதும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்கள் நாக்குக்கு அடியிலுள்ள இடத்துக்கும் கழுத்துக்கும் அண்மையில் உள்ளவை. அங்குப் பரவும் சீழ் நாக்கை மேலே தூக்கி மூச்சுக் குழாயை அடைத்துவிடக்கூடும். லூட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836-ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. எச்சில் விழுங்க முடியாமை, குரல் மாறுதல், தாடையின் அடிப்புறம் மரக்கட்டைபோல் இறுகுதல், படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உடையவர்களுக்குச் சீழ் விரைந்து பரவுமாதலால் அவர்கள் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மரத்துப்போதலும் நரம்பு வலியும்

கீழ் ஞானப்பல்லின் வேருக்கு மிக அருகில், தாடை எலும்பினுள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுவே. நாக்கின் உணர்ச்சிக்குரிய மற்றொரு நரம்பும் பக்கத்தில் செல்கிறது. பல் எடுக்கும்போது இவை நசுங்கினாலோ காயப்பட்டாலோ உதடும் நாக்கும் மரத்துப்போகும். அல்லது எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பெரும்பாலோருக்கு இது சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் நீங்கிவிடும். மிகச் சிலருக்கே நிலைத்துவிடுகிறது.

ஊசி மருந்தின் வேகம் தணிந்த மறுநாளும் உதடு மரத்தே இருக்குமானால் தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நரம்பு அறுந்திருந்தாலோ ஏதேனும் அதனை அழுத்திக்கொண்டிருந்தாலோ தொடக்கத்தில் செய்யும் சிகிச்சைக்கே பயன் அதிகம்.

இன்னும் சிலருக்குக் குழி நன்றாக ஆறியபின்னும் அவ்விடத்தில் எரிச்சலும், மின்சாரம் பாய்வதுபோன்ற சுரீர் என்ற வலியும் மாதக்கணக்கில் நீடிக்கும். மூன்று மாதங்களுக்கு மேலும் தொடரும் இத்தகைய வலி நரம்பிலேயே எழுவது. இதனைப் பக்கத்துப் பல்லின் குற்றமென்று கருதி, ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்கிக்கொள்வோர் உண்டு. பல் போகும், வலி போகாது. நரம்பு வலிக்கென்றே தனி மருந்துகள் உள்ளன. வாய் மற்றும் முக அறுவை நிபுணரையோ நரம்பியல் மருத்துவரையோ காண்பதே வழி. வெளியே புண் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக வலிப்பவரைப் பாசாங்கு செய்கிறார் என்று வீட்டார் எண்ணுதல் பெரும் அநீதி.

நீடித்த வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. வேரின் துண்டோ எலும்புச் சிம்போ உள்ளே தங்கியிருக்கலாம். நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருந்ததால் தாடை மூட்டு நொந்திருக்கலாம். மேல் ஞானப்பல்லை எடுத்தபின் நீர் பருகும்போது மூக்கு வழியே நீர் வந்தால், மேல் தாடை எலும்பின் காற்றறைக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். இவற்றையெல்லாம் எக்ஸ்-ரே படமும் பரிசோதனையும் காட்டிவிடும்.

வாணியம்பாடி தரும் பாடம்

பல் சிகிச்சையில் சுத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே துயரமான சான்று உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் தனியார் பல் சிகிச்சை நிலையம் ஒன்றில் சிகிச்சை பெற்றவர்களுள் 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் நோய் கண்டது. அவர்களில் 8 பேர் 2023-ஆம் ஆண்டில் உயிரிழந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரும், சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தாரும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து ஆராய்ந்த முடிவு 2025-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வாயைக் கழுவப் பயன்பட்ட சலைன் பாட்டில் ஒன்றில் அக்கிருமி இருந்தது. பாட்டிலை அறுவைக் கருவியால் திறந்து, மிஞ்சிய நீரை மீண்டும் பயன்படுத்தியதே அது பரவ வழியாயிற்று.

இக்கிருமி சேற்றிலும் நீரிலும் வாழ்வது. விவசாயிகள் அதனோடு பழகும் நிலத்திலேயே உழைக்கின்றனர். ஆயினும் தோலின்மேல் படுவதற்கும், வாயிலுள்ள திறந்த புண்ணில் நேராகச் செலுத்தப்படுவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. இத்தகைய நிகழ்ச்சி மிக அரிதே. எனினும் இதிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்கலாம். கருவிகள் கிருமி நீக்கப்பட்டனவா, சலைன் பாட்டில் புதிதாகத் திறக்கப்பட்டதா என்று பணிவுடன் கேட்பது நோயாளியின் உரிமை. பல் சிகிச்சைக்குப்பின் காய்ச்சலும் கடுந்தலைவலியும் வந்தாலும், முகம் ஒருபுறம் கோணினாலும் பெரிய மருத்துவமனைக்கு விரைந்து சென்று, அண்மையில் பல் சிகிச்சை செய்துகொண்டதையும் சொல்ல வேண்டும். சந்தையில் உட்கார்ந்து பல் பிடுங்குவோரிடமும், பதிவு பெறாதவரிடமும் ஞானப்பல்லை ஒப்படைப்பது அறவே கூடாது.

முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

பல் எடுப்பதற்கு முன், தமக்குள்ள நோய்களையும் உண்ணும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்காகப் போட்டுக்கொண்ட ஊசி, கழுத்துப் பகுதியில் பெற்ற கதிர் சிகிச்சை ஆகியவை முக்கியமானவை. இருதயத்துக்கான மாத்திரையைத் தாமாகவே நிறுத்துதல் ஆபத்து. வலி நீடித்தால் யாரிடம், எந்த நேரத்தில் வரவேண்டும் என்பதையும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பல் எடுத்தபின் கடைப்பிடிக்க வேண்டியவை வருமாறு:

1. வைத்த துணிச்சுருளை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். இரத்தம் மீண்டும் கசிந்தால் சுத்தமான ஈரத்துணியை மடித்து வைத்து அரை மணி நேரம் கடிக்கலாம். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

2. முதல் நாள் கொப்பளித்தலும், பலமாகத் துப்புதலும், குழல் வைத்து உறிஞ்சுதலும் கூடாது. மறுநாள் முதல் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப்பின் மெல்ல அலம்பிக்கொள்ளலாம்.

3. முதல் நாள் கன்னத்தின் வெளிப்புறத்தில் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை இடைவிட்டு வைக்கலாம். சூடான செங்கல் ஒத்தடம் வேண்டாம்.

4. இட்லி, குழைந்த சோறு, ஆறிய கஞ்சி, மோர் ஆகியவை ஏற்றவை. கொதிக்கும் பானமும் முறுக்கு போன்ற கடின உணவும் ஆகா.

5. பீடி, சிகரெட், புகையிலை, வெற்றிலைப் பாக்கு, மது ஆகியவற்றைக் குறைந்தது ஒரு வாரமேனும் விலக்க வேண்டும்.

6. மருத்துவர் எழுதிய மாத்திரையை எழுதிய அளவில் உண்ண வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உடையவர்கள் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி உண்ணக்கூடாது.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பெற்றது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அதன் மருத்துவமனைக்கு, அண்ணனூரிலிருந்து புறப்படுபவர் சென்ட்ரலில் இறங்கி எளிதில் சென்றுவிடலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பகுதியில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. மற்ற மாவட்டங்களில் வாழ்வோர் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவை நாடலாம்.

ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் ஊருக்கு அண்மையில் பல் மருத்துவர் உள்ள அரசு மருத்துவமனை எது, எந்த நாட்களில் எந்த நேரத்தில் அவர் இருப்பார், அங்குச் செல்லும் பஸ் எப்பொழுது என்பவற்றைக் கேட்டறிந்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். இதற்குச் செலவு சிறிதே. ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில், கிராமச் சுகாதாரச் செவிலியரைக் கொண்டு பத்து நிமிடம் இதனைப் பற்றிப் பேசச் செய்யலாம். ஊரக வேலைத் திட்டத்தில் உழைப்போரும் கூலி வேலை செய்வோரும் மறுமுறை மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால், அன்றைய வேலையை அண்டை அயலார் பகிர்ந்துகொள்ளும்படி உறுப்பினர்கள் ஊரில் எடுத்துச் சொல்லலாம். முதியவர் தனியே செல்ல இயலாதபோது துணைக்கு ஒருவரை அனுப்புவதும் பொதுப்பணியே.

பல் எடுக்கப் புறப்படும் ஒருவர், போக ஒரு முறைக்கும் திரும்பக் காட்டுவதற்கு ஒரு முறைக்கும் ஆக இரு பயணங்களுக்குப் பணமும் நாளும் ஒதுக்கிக்கொண்டே புறப்பட வேண்டும். வலி நாளுக்கு நாள் குறைந்து இரண்டாம் பயணம் தேவைப்படாமற் போனால் மகிழ்ச்சியே. தேவைப்படும்போது அதனைத் தவிர்த்தால், அரை மணி நேரச் சிகிச்சையில் தீர வேண்டிய வேதனை வாரக்கணக்கில் உறக்கத்தையும் உழைப்பையும் பறிக்கும். சில வேளைகளில் உயிருக்கும் இடராகும். மூன்றாம் நாளுக்குப்பின் ஏறும் வலியைப் பொறுத்திருத்தல் வீரமன்று. ஊராருக்கு இதனை உணர்த்தும் பொறுப்பு பஞ்சாயத்து உறுப்பினர்களுடையது.